வரவு நிரல்

கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றட்டும், சுற்றுகிறவரை நல்லதுதான், தப்பு என்றால் இந்நேரம் சிவப்பு எழுத்தில் மூஞ்சியில் அடித்திருக்கும், ஒரு கமா விட்டுப்போனதற்கு மத்தியானத்திலிருந்து எத்தனை ஏச்சு வாங்கியாயிற்று, மாமியார்கூட இவ்வளவு ஏசமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஜெனோவா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். வெளியே கொடிக்கம்பத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறிவிட்டது. எங்கோ கிழக்கே கிடக்கிறது, இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்த காற்றழுத்தம் சாப்பாட்டு நேரத்தில் மனசு மாறிக் கிளம்பிவிட்டதாம். துறைமுகத்து மீன்துறை அலுவலகத்தின் மாடியில் இப்போது மூன்று பேர்தான். ஜெனோவா கம்ப்யூட்டர் வேலைக்காரி, ஒப்பந்த ஊழியம். பக்கத்து அறையில் வயர்லெஸ் பெட்டியோடு குரூஸண்ணன். இரண்டு அறைக்கும் நடுவே செருப்பு தேய நடந்துகொண்டிருக்கும் அதிகாரி தணிகாசலம் சார், வடக்கத்தி மாவட்டத்துக்காரர், கடலைப் பார்த்தாலே கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறவர். "எனக்குப் பேர் வேணும்மா. இத்தனை போட்டு வெளியே இருக்குன்னு நம்பர் வேணாம். எந்தெந்தப் போட்டு, அது வேணும்" என்றுதான் அவர் கேட்டார். சரியான கேள்விதான். எல்லாரும் கரை திரும்புங்க என்று குரூஸண்ணன் பொதுவாகக் கூவினால் எவன் காதில் வாங்குகிறான், மீன் படுகிற நேரம், அடுத்தவனைத்தான் சொல்லுகிறார் என்று மடிவலையை இன்னொரு தரம் இறக்குவான், பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். கேள்வி சரி, பதில்தான் இல்லை. படகு கட்டுகிற துறையில் உள்ள டோக்கன் அறையில் ஒவ்வொரு படகும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அட்டையைக் காட்ட வேண்டும், காட்டினால் இங்கே ஒரு வரி விழும். படகுப் பேர், போக்கா வரவா, நேரம். அவ்வளவுதான். இன்று மட்டும் நூற்றுக்கணக்கில் வரிகள், கலந்து கொட்டிய நெத்திலி மாதிரி. சாஃப்ட்வேர் செய்துகொடுத்த கம்பெனிக்காரன் வரிகளை அப்படியே அச்சடிக்க மட்டும் ஒரு பொத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், வேறு மாதிரி வேண்டும் என்றால் மனு எழுதுங்கள், ஒரு மாதம் ஆகும் என்றான். ஒரு மாதம். காற்றிடம் போய்ச் சொல்லிப் பார் ஒரு மாதம் பொறு என்று.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், வராதவன் இந்த வரிகளில் எங்கேயுமே தெரியமாட்டான். வந்தவனுக்கு ஒரு வரி உண்டு, வராதவனுக்கு வரியே கிடையாது, இல்லாத வரியை எங்கே போய்த் தேடுவது, தாளைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழாது. அதைத்தான் ஜெனோவா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே யோசித்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் எங்கிருந்தோ பிளஸ் டூ கணக்குப் பாடம் வந்து நின்றது, அணிகள், நிரை நிரல் மாற்று அணி, படுத்திருப்பதை நிமிர்த்தி வை, நிமிர்ந்திருப்பதைப் படுக்க வை, என்ன பிரயோசனம் இதற்கு என்று பின்பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டதெல்லாம் ஞாபகம் வந்தது, அம்மாடி, பதினெட்டு வருஷம் கழித்துப் பிரயோசனம் வந்து கதவைத் தட்டுகிறதே, சோற்றுக் கையோடு அப்படியே எழுந்துவிட்டாள். பொத்தான் இல்லாவிட்டால் என்ன, கம்ப்யூட்டரிடம் நேரடியாகக் கேள்வி எழுதிக் கேட்கிற குவெரி இருக்கிறதே, அதில் கீழே கீழே போகிற வரிகளைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். ஒரு படகுக்கு ஒரே ஒரு நிரை. போக்குக்கு ஒரு நிரல், வரவுக்கு ஒரு நிரல். வந்தவனுக்கு வரவு நிரலில் கட்டம் நிறையும், வராதவனுக்குக் காலியாகக் கிடக்கும். காலிக் கட்டம்! இல்லாத வரிக்கு இடம் கிடையாது, ஆனால் காலிக் கட்டத்துக்கு இடம் உண்டு, விருந்தில் இலை போட்டு ஆள் உட்காராத இடம் எப்படிக் கண்ணில் உறுத்தும், அப்படி உறுத்தும். ஒரு படகின் வரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அமுக்கும்போது ஒரு கட்டத்தில் ஒன்றைத்தான் வைக்க முடியும், எதை வைக்க என்று கம்ப்யூட்டர் கேட்கும், இருப்பதில் பெரியதை, கடைசி நேரத்தை வை என்று சொல்லிவிட வேண்டும், அந்த இடத்தில்தான் அவளுக்கு நாலு தரம் சிவப்பு விழுந்தது. நேரத்தைக் காட்டவா என்று கேட்டதற்கு சார், "நேரமெல்லாம் எதுக்கும்மா, கண்ணு நோவுது, வந்தானா இல்லையா அவ்ளோதான்" என்றார், அதுவும் சரிதான் என்று நேரம் வருகிற இடத்தில் வந்தாச்சு என்று ஒரு சொல்லைப் போட்டாள். போட்டு, மாதாவே என்று பொத்தானைத் தட்டினாள். தட்டியதுதான் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது, சுற்றட்டும், சுற்றட்டும், ஐயோ நின்றுவிட்டது, வந்துவிட்டது, வரிசையாக, சுத்தமாக, இடது பக்கம் படகுப் பேர், நடுவில் போயாச்சு, வலது பக்கம் வந்தாச்சு, வந்தாச்சு, வந்தாச்சு, ஓரிடத்தில் வெள்ளை, பளிச்சென்று வெள்ளை, மறுபடியும் வந்தாச்சு. காலிகளை மட்டும் மேலே கொண்டுவந்தாள். எட்டு. எட்டுப் படகு வெளியே. "சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தணிகாசலம் சாரின் கையில் இருந்த டீ சட்டையில் சிந்தியது, அதை அவரும் கவனிக்கவில்லை, குரூஸண்ணன் எட்டிப் பார்த்து, "ஏயம்மா, மந்திரம் போட்டமாரில்லா இருக்கு" என்றார். பேர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவர் ஓட, சார் மேலிடத்துக்குப் போன் போட்டு எட்டு என்று சொல்ல, ஜெனோவாவுக்குக் காது மடல்கூடச் சுட்டது. ஒப்பந்தக்காரி, தற்காலிகம், வருகைப் பதிவில்கூட அவள் பேர் பென்சிலில்தான் எழுதியிருக்கும், அவள் செய்தாள் இதை. சந்தோஷத்தில் எழுந்து ஒரு சுற்று நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எட்டில் விடிவெள்ளி இல்லை. அதை முதல் பார்வையிலேயே பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டு பார்த்தாள், பட்டியலில் கீழே போய் வி வரிசையில் கண்ணை ஓட்டினால் விடிவெள்ளி, போயாச்சு, வந்தாச்சு, மாதா காப்பாற்றினாள், அவள் புருஷன் ரெமிஜியுஸ் ஏறிப்போன படகு அது. வந்துவிட்டான். வந்தவன் ஒரு போன் போட்டால் என்னவாம், போடமாட்டான், முறுக்கு, காலைச் சண்டையின் முறுக்கு இன்னும் இறங்கியிருக்காது. இன்று சாயங்காலம் மகளுக்குப் பள்ளிக்கூட ஆண்டுவிழா, ஷெரின் மீன்கொத்தி வேஷம் போட்டு ஆடுகிறாள், நீல இறக்கையெல்லாம் ஜெனோவாதான் இரண்டு நாளாக உட்கார்ந்து தைத்தாள், கண்டிப்பா வாரேன், இன்னைக்குத் தொழிலுக்குப் போகல என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன மனுஷன், விடியுமுன்னே சேசையா கூப்பிட்டான் என்று பூனை மாதிரி எழுந்து போய்விட்டான். சேசையாதான் விடிவெள்ளியின் டிரைவர், அவன் கூப்பிட்டால் இவனுக்கு வீடு வாசல் கண்ணுக்குத் தெரியாது. கண் விழித்துப் பார்த்தால் பாய் காலி. கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, அது அவளுக்குத் தெரியாததா, கடற்கரையில் பிறந்தவள்தானே, ஆனாலும் ஆத்திரம் கண்ணை மறைத்தது, போனைப் போட்டாள். போட்டபிறகு திட்டவும் வாய் வரவில்லை, ஸ்கூட்டர் சாவி எங்கே என்று கேட்டாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் கத்தினான், ஏட்டி, போட்டு கெளம்பி வெளிய வந்தாச்சு, இப்பயா கூப்புடுவ, சாவி எம் பையிலதான் கெடக்கு, வையி போன. வைத்துவிட்டாள். சாவி கிடக்கிறதாம் பையில், ராசா வீட்டுச் சாவி, பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்தாள், சேர்ந்தால் வாசலில் வாட்ச்மேன் சாவியை நீட்டுகிறார், ரெமி குடுக்கச் சொன்னாப்ல என்று, இதோ மேசையில் கிடக்கிறது, ரப்பர் டால்பின் தொங்குகிற சாவி, இதைக் கொடுத்துவிட்டுப் போகத் தெரிகிறது, சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லை. சரி, வந்துவிட்டான் அல்லவா, வந்து ஐஸ் போட்டு மீனை இறக்கிக்கொண்டிருப்பான், ஆறு மணிக்குக் குளித்துச் சட்டை மாற்றி விழாவுக்கு வந்துவிடுவான், வரட்டும், முதல் அரைமணி நேரம் பேசக் கூடாது, அப்புறம் இந்த நிரல் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அவனுக்குப் புரியாது, இருந்தாலும் வாயைப் பிளந்து கேட்பான், அது பிடிக்கும் அவளுக்கு. டால்பினை விரலில் சுற்றினாள். கடைசியில் மறக்காமல் கொடுத்துவிட்டுப் போனானே. கொடுத்துவிட்டு. சுற்றிய விரல் நின்றது. போட்டு கெளம்பி வெளிய வந்தாச்சு, சாவி எம் பையிலதான் கெடக்கு. பையில் கிடந்த சாவி வாட்ச்மேன் கைக்கு எப்படி வந்தது? நீந்தியா வந்தது? ரப்பர் டால்பின் நீந்திக் கொண்டுவந்து கொடுத்ததா? யார் கையிலாவது கொடுத்தனுப்பியிருப்பான், எந்த ஆள், வெளியே போகிற படகிலிருந்து உள்ளே வருகிற ஆள் யார், அந்த நேரத்தில் எல்லாப் படகும் போகிற படகுதானே. அப்படியானால் விடிவெள்ளி திரும்பி வந்திருக்கிறது. ஏன் வரும்? ஏன் வரும் என்று ஒரு கடற்கரைக்காரி கேட்கலாமா? சேசையா. பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால் சேசையா ஒரு அடி மேலே போகமாட்டான், படகைத் திருப்பி, கரையில் கட்டி, எல்லாரும் மண்ணில் இறங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான், ஊரே சிரிக்கும், அவன் அசைய மாட்டான். கட்டினால் அட்டை காட்ட வேண்டும். வரவு. இறங்கின இடத்தில் இவன் சாவியைக் கொடுத்திருக்கிறான். தண்ணீர் குடித்திருக்கிறார்கள். மறுபடி அட்டை. போக்கு. திரையில் உள்ள வந்தாச்சு அந்த வந்தாச்சு. தண்ணீர் குடிக்க வந்தது. ஐயோ, அதுக்கப்புறம் போனவன் வரவே இல்லை. ஒரே கட்டத்தில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்று சந்தோஷமாக அமுக்கினாளே, அமுக்கியதில் நேரம் போய்விட்டது, நேரம் போனதும் எது முந்தி எது பிந்தி என்பதும் போய்விட்டது, காலையில் வந்ததும் சாயங்காலம் வருவதும் ஒரே வந்தாச்சு ஆகிவிட்டது. அவளே கூப்பிட்டு, அவளே திருப்பி, அவளே அந்தக் கட்டத்தை நிறைத்து, அவளே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். கை மட்டும் ஓடியது, தன் கைதானா என்று தெரியாத வேகத்தில், வந்தாச்சு என்ற சொல்லை அழித்து நேரத்தை வைத்தது, வரவு நிரலில் உள்ள நேரம் போக்கு நிரலில் உள்ள நேரத்துக்கு முந்தியது என்றால் அவனும் வெளியேதான் என்று ஒரு வரி சேர்த்தது, தட்டியது. வட்டம் சுற்றியது. இந்த முறை சுற்றட்டும் என்று அவள் சொல்லவில்லை. பதினொன்று. கடைசியில் விடிவெள்ளி.

"சார், தப்பு. எட்டு இல்ல. பதினொண்ணு."

தணிகாசலம் சார் நின்ற இடத்திலேயே நின்றார். "என்னம்மா விளையாடுற? மேல சொல்லியாச்சு. எட்டுன்னு நான் வாயால சொல்லியிருக்கேன்."

"மூணு போட்டு காலைல போயிட்டு உடனே திரும்பி வந்துட்டு மறுபடி போயிருக்கு சார். அந்த வரவ நான் கணக்குல எடுத்துட்டேன். எந் தப்புதான்."

"அதெப்படி ரெண்டு தரம் போவான் ஒருத்தன்?"

"ஐஸ் மறந்திருப்பான் சார், எஞ்சின்ல கோளாறு இருந்திருக்கும்..." டால்பினைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "ஒரு போட்ட நாந்தான் சார் பின்னால கூப்ட்டேன். எங்க வீட்டுக்காரரு அதுலதான் இருக்காவ."

அவர் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். எட்டு என்று சொன்ன வாயால் பதினொன்று என்று சொன்னால் மேலே உள்ளவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவர் முகத்தில் அப்படியே ஓடியது, ஜெனோவாவுக்கு அந்த ஒரு நொடியில் அவரைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது, வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறக்கவும் போனாள். அதற்குள் மனுஷன் கைக்குட்டையை மேசையில் எறிந்துவிட்டு, "குரூஸ், இன்னும் மூணு பேர் எழுதிக்கய்யா" என்று கத்தியபடி போனை எடுத்தார். பிற்பாடு அவரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் அவள் ஒத்துக்கொள்ளாமல் போனது இதனால்தான்.

அப்புறம் இருந்ததெல்லாம் காதும் விரலும்தான். பக்கத்து அறையில் குரூஸண்ணன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார், ஆரோக்கிய அன்னை, ஆரோக்கிய அன்னை, கரை கூப்புடுது, பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று யாரோ கேக்குது, கேக்குது என்கிறான், செந்தூர் துணை பதில் சொல்லுகிறது, கடல்ராணி பதில் சொல்லுகிறது, விடிவெள்ளி, விடிவெள்ளி, விடிவெள்ளி, பதில் இல்லை. சேசையா வயர்லெஸ் பெட்டியை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்பவன், எல்லாருக்கும் தெரியும், இதை மட்டும் ஊரில் யாரும் சிரித்துப் பேசியதில்லை. கடல்ராணிக்காரன்தான் சொன்னான், "நமக்குத் தெக்க கெடந்தான்ணே, மடி எறக்கிக் கெடந்தான், நான் போயி சத்தங்குடுத்துட்டு வாரேன்." கூண்டு ஏறின நேரத்தில் கரைக்கு முதுகைக் காட்டித் தெற்கே போகிறேன் என்கிறான், யார் பெற்ற பிள்ளையோ, ஜெனோவா அவனை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள். மழை வந்துவிட்டது. சாய்ந்து அடிக்கிற மழை, ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. பொத்தானைத் தட்டினாள், பத்து. ஒருவன் வந்துவிட்டான். அவன் பேர் பட்டியலிலிருந்து கழன்று போவதைப் பார்க்க ஒரு நடுக்கமான குஷி, எவன் வந்தாலும் குஷி, அவன் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள், அவளும் காலையில் எதற்காவது சண்டை போட்டிருப்பாள். தட்டினாள், ஒன்பது. தட்டினாள், ஒன்பதுதான். போகிறவனைத்தானே பின்னால் கூப்பிடக் கூடாது, வருகிறவனை எத்தனை தரம் வேண்டுமானாலும் கூப்பிடலாம் அல்லவா, ரெமியின் எண்ணை அழுத்தினாள், தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குளுகுளுவென்று சொன்னாள், தெரியுமடி, அதைச் சொல்ல நீ எதற்கு. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் நேரே போயிருப்பான், ஒரே போக்கு, காலிக் கட்டம், முதல் எட்டோடு அவன் பேரையும் கூப்பிட்டிருப்பார்கள். நான் கூப்பிட்டதால்தான் மறைந்தான். ஆனால் கூப்பிட்டதால்தான் சாவி வந்தது, சாவி வந்ததால்தான் தெரிந்தது, அப்படியானால் கூப்பிட்டது நல்லதா கெட்டதா, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது மனசு. வயர்லெஸ்ஸில் மறுபடி கரகரப்பு. "பாத்தாச்சுண்ணே, துணிய வீசிக் காட்டுனேன், மடிய வலிக்கான், பின்னாலயே வந்துருவான்." ஜெனோவா எழுந்து நின்று கைதட்டிவிட்டாள், ஒற்றை ஆளாக, அந்த அறையில், அப்புறம் வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். ஆறு. நாலு. பள்ளிக்கூடத்தில் விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அவள் தங்கை போனில் சொன்னாள், ஷெரின் இறக்கையைக் கழற்றமாட்டேன் என்று அழுகிறாளாம், கழற்றாமலே இருக்கட்டும், அப்பா வந்து பார்க்கட்டும். மூன்று. இரண்டு. கடல்ராணியும் விடிவெள்ளியும். காற்று கூரைத் தகரத்தை உலுக்கிப் பார்த்தது. தட்டினாள். கடல்ராணி பட்டியலிலிருந்து போய்விட்டது, கரைக்கு வந்துவிட்டது. பின்னாலயே வருகிறவன் எங்கே? ஒரே ஒரு நிரை, அதில் ஒரு பேர், எத்தனை தட்டினாலும் அதே பேர், அதே போக்கு, அதே பழைய வரவு, தண்ணீர் குடிக்க வந்த வரவு. தணிகாசலம் சார் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், அவருடைய டீயை அவள் பக்கம் தள்ளிவைத்தார். ஆறிப்போன டீ. அவள் குடித்தாள். கடவுளே, நான் இனிமேல் எதற்கும் சண்டை போடமாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்து, அது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கே தெரிந்ததால், சின்னச் சண்டைக்கு மட்டும் போடமாட்டேன் என்று திருத்திக்கொண்டாள். தட்டினாள்.

ஒன்றுமில்லை. மேலே தலைப்புகள் மட்டும், படகு, போக்கு, வரவு. கீழே வெறும் வெள்ளை. இதை நம்பலாமா, ஒரு தரம் நம்பி ஏமாந்தது போதாதா, குவெரியிலேயே ஏதாவது கோளாறா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எதையும் திருப்பாமல், எதையும் அமுக்காமல், விடிவெள்ளியின் வரிகளை மட்டும் பழையபடி கீழே கீழே வரவழைத்தாள். போக்கு. வரவு. போக்கு. வரவு. கடைசி வரவின் நேரம் இந்த நிமிஷம். அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுகையும் வந்தது, இரண்டில் எதைத் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மறுபடி அந்தப் பெரிய குவெரியைப் போட்டாள். மறுபடியும் வெள்ளை.

"என்னம்மா, ஒண்ணுமே காணோம்?" தணிகாசலம் சார் பதறிப்போய்த் திரைக்குள் முகத்தை நுழைத்தார். "சிஸ்டம் நின்னுபோச்சா?"

"இல்ல சார்" என்றாள் ஜெனோவா. "கடல்ல யாருமில்ல."